எல்லையில் நின்ற பிடிமண்

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். சாமி படத்துக்கு முன்னால் பேனாவோடு உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது தெய்வ விஷயம். கூட்டிச் சொன்னாலும் பாவம், குறைத்துச் சொன்னாலும் பாவம். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க, ஊரில் மற்றவர்கள் திறந்துவிட்டார்கள். போன ஆடியில் பொங்கல் வைக்கப் போன இடத்தில், பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி என் கதையை என்னிடமே சொன்னாள். மலேசியா ஏர்போர்ட்டில் மல்லிகைப்பூ வாசம் வந்ததாம். அதிகாரி அருள் வந்து ஆடினாராம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கு உள்ளே அடங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வரவேண்டும். இருந்த நிலம் கம்பெனிகளுக்குப் போனபிறகு, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறை கட்டி, தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டேன். கேன்டீன்களுக்குக் காய்கறி ஏற்றும் வேன் ஒன்றும் ஓட்டுகிறேன்.

எங்கள் குலதெய்வம் பச்சையம்மன். கோவில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரு வேப்பமரமும் அடியில் மூன்று கல்லும்தான். அந்த இடமும் கம்பெனி காம்பவுண்டுக்குள் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மரத்தை வெட்டவில்லை. சுற்றி டைல்ஸ்கூடப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அம்மன் இன்றைக்கு இருப்பது பெயிண்ட் ஷெட்டுக்கும் லாரி நிறுத்தும் இடத்துக்கும் நடுவில். ஆடி மாதம் பொங்கல் வைக்க கேட்டில் பாஸ் வாங்க வேண்டும். அடுப்பு மூட்ட சேஃப்டி ஆபீசர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்பார். பொங்கி வரும்போது நாங்கள் குலவை போட்டால் அவரும் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்.

என் அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே சமையல் வேலைக்கு மலேசியா போனவர். அங்கேயே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டார். அப்பா காரியத்துக்கு வந்ததுதான் கடைசி. 2011-ல் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. விமானத்தில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் காலையில் போன் வந்தது. பேச்சு குழறியது. ஆனால் நாற்பது வருஷம் அங்கே இருந்தும் எங்கள் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

"டேய், அம்மன பாக்காமயே பூடுவேன் போலக் கீதுடா."

"அப்படியெல்லாம் சொல்லாத ணா."

"கொய்யால, அழுவாத. நா வர முடியாது. அவளையாவது இட்டுக்கினு வாடா. வூட்டு மூலையில எடம் பண்ணி வச்சிக்கீறேன். ஒரு பிடி மண்ணு எட்த்தாந்து குடு."

பிடிமண் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரை விட்டுப் போனவர்கள் குலதெய்வத்தை வேறு இடத்தில் வைத்துக் கும்பிட வேண்டும் என்றால், மூல இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்த மண்தான் தெய்வம். அதைத் தரையில் வைக்கக் கூடாது. எடுத்த மண் மூல இடத்துக்குத் திரும்பக் கூடாது. வழியில் ஓர் எல்லை வந்தால் சும்மா தாண்டக் கூடாது. மண்ணைத் தலையில் ஏந்தி நின்று, இன்ன ஊரிலிருந்து இன்ன தெய்வத்தைக் கொண்டு போகிறோம், வழி விடு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பங்காளி வகையறாவில் இதுதான் முறை.

மண் எடுக்க நானும் என் மனைவியும் விரதமிருந்து, குளித்து, ஈரத்துணியோடு கம்பெனிக்குப் போனோம். வேர்ப் பக்கத்தில் டைல்ஸ் போடாத இடத்திலிருந்து ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்தேன். வெளியே வரும்போது செக்யூரிட்டி மறித்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உள்ளருந்து எது வெளிய போனாலும் மெட்டீரியல் கேட்பாஸ் வேணும்."

"இது மண்ணுப்பா."

"மண்ணும் மெட்டீரியல்தாங்க. கேமரா கீது. எனக்கு மெமோ குடுத்துடுவாங்க."

ஸ்டோருக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

எனக்குப் புரியவில்லை. திரும்பி வருமா வராதா என்று செக்யூரிட்டி விளக்கினார்.

"ஐயையோ, திரும்பவே கூடாது தாயி" என்றாள் என் மனைவி.

அச்சடித்துச் சீல் போட்ட சீட்டு வந்தது. மண், ஒரு பிடி, நான்-ரிட்டர்னபிள். அதைப் பத்திரமாக பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தேன். அம்மனுக்கே பாஸ் கிடைத்துவிட்டது, இனி யார் தடுக்கப் போகிறார்கள் என்று மனசுக்குள் ஒரு தைரியம்.

டூரிஸ்ட் விசாவில்தான் போனோம். எங்கள் அறையில் குடியிருந்த தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர், கம்பெனியில் சூப்பர்வைசர், ஏற்கெனவே ட்ரெய்னிங்குக்கு வெளிநாடு போய் வந்தவர். அவர் ஒரு வாரம் எனக்குப் பாடம் நடத்தினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார், அவர்தான் ஆபீசர்.

"எதுக்கு வந்தீய?"

"அண்ணனைப் பாக்க."

"ஐயோ அண்ணாச்சி! டூரிஸ்டுன்னு சொல்லுங்க. வேலைக்கு வந்த ஆளுன்னு நெனச்சுட்டாம்னா திருப்பி அனுப்பிருவான். சுத்திப் பாக்க வந்தேம்னு சொல்லுங்க."

"பொய் சொல்லணுமாப்பா?"

"பொய்யில்ல அண்ணாச்சி, விசாவுல அப்படித்தானே போட்டிருக்கு."

என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "என்னைய ஒருநாளு மகாபலிபுரம்கூட இட்டுக்கினு போவல. நாலு எடம் சுத்திக் காட்டுனா பொய்யே கெடையாது."

சென்னையில் பையைச் சோதித்தவர் மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்து, "சாமி பொருளா?" என்று கேட்டு விட்டுவிட்டார். விமானத்தில்தான் முதல் சங்கடம். பையைக் காலடியில், முன் சீட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னாள் விமானப் பணிப்பெண். அம்மனைக் காலடியில் வைப்பதா? முடிச்சை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பையைத் தள்ளினேன். விமானம் மேலே எழும்பியபோது என் மனைவி என் கையைப் பிடிக்கவில்லை, அந்தச் சட்டைப்பையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது ஜன்னலில் பார்த்தேன். கீழே முழுக்க மரம், கோடு போட்டு நட்டது போல வரிசை வரிசையாக. எண்ணெய்ப் பனை என்று பின்னால் தெரிந்தது. கம்பெனி வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் இவ்வளவு பச்சையாக இருந்ததா என்று யோசித்தேன். இருந்திருக்காது. எங்களுடையது வானம் பார்த்த பூமி.

இறங்கியதும் ஒரு குட்டி ரயிலில் ஏற்றினார்கள். "இன்னாங்க, திரும்பவும் எங்கயோ இட்டுக்கினு போறாங்களே" என்று என் மனைவி பதறினாள். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. பிறகு நீண்ட வரிசை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். இரண்டு ஆள்காட்டி விரலையும் மெஷின் மேல் வைக்கச் சொன்னார். கம்பெனி வேலைக்குப் பழகிய கையில் ரேகை தெரியாது என்று எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். மூட்டை தூக்கிய என் கைக்கும் அப்படித்தான், இரண்டு தடவை துடைத்து வைத்தேன்.

அவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டாரோ தெரியாது. நான், "டூரிஸ்ட்" என்றேன்.

மறுபடி ஏதோ கேட்டார். "டூரிஸ்ட்" என்றேன்.

பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவளும் எட்டிப் பார்த்து, "டூரிஸ்டு, டூரிஸ்டு" என்றாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தூரத்தில் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே ஆட்கள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் என் அண்ணன் மகனும் நிற்பான். கதவுக்கு முன்னால் தரையில் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் மேஜை, சீருடைக்காரர்கள். எல்லோரும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரையும் யாரும் நிறுத்தவில்லை.

நான் நின்றுவிட்டேன்.

"நடங்க" என்றாள் என் மனைவி.

"எல்லை."

"இங்கியா?"

"வேற எங்க? இதத் தாண்டுனா வேற நாடு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "வெளிய போயி ஒரு ஓரமா சொல்லிக்கலாமே. எல்லாரும் பாக்கறாங்க."

வெளியே போய்ச் சொன்னால் தாண்டிய பிறகு கேட்பதாகிவிடும். நான் செருப்பைக் கழற்றினேன். சட்டைப்பையிலிருந்து முடிச்சை எடுத்துத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னேன். "ஒரகடத்துப் பச்சையம்மனக் கொண்டாந்துக்கிறோம். எங்க அண்ணன் வூட்டுக்குப் போறோம். இந்த எல்லையக் காக்கற சாமி யாரா இருந்தாலும் வழி வுடணும்."

வழி விடவில்லை. தலையில் முக்காடு போட்ட ஓர் அதிகாரி அம்மா எழுந்து வந்தார். மலாய்க்காரர். தலையைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "டூரிஸ்ட்."

அவர் கையசைத்து வேறொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் தமிழர், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று.

"ஐயா, என்னா இது தலையில?"

"அம்மன்."

"என்னா?"

"பிடிமண்ணுங்க. எங்க குலதெய்வம்."

அவர் முகம் மாறியது. "ஐயா, மண்ணு உள்ள போக முடியாது லா. மண்ணு, செடி, வித எல்லாம் தடை. வேற நாட்டு மண்ணுல நோய் வரும், பூச்சி வரும். சட்டம் ஐயா."

"பாஸ் கீதுங்களே" என்று பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அந்த அம்மாவிடம் காட்டி மலாயில் சொன்னார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஐயா, இது உங்க ஊரு கேட்டுக்கு. எங்க கேட்டுக்கு இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.  வீட்டு மூலையில் இடம் பண்ணி வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் படுக்கையில் காத்திருக்கிறார். கதவு அதோ தெரிகிறது.

"ஏன் ஐயா நின்னீங்க?" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "இத்தன பேர் போறாங்க. உங்களை யாரும் கூப்பிடலயே."

"அதையேதான் நானும் கேட்டேன்" என்றாள் என் மனைவி. அழுதுகொண்டே சொன்னாள்.

"சொல்லாம கொள்ளாம உள்ள இட்டுக்கினு போனா அது அம்மனுங்களா? கடத்தல் சாமானுங்களே" என்றேன்.

 இரண்டு வழிதான் இருக்கிறது என்றார் அவர். நாங்கள் ஊருக்குத் திரும்பும்வரை இங்கே வைத்திருந்து திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், அல்லது இங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

"எடுத்த மண்ணு திரும்பக் கூடாதுங்க."

"சீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அப்ப ஒப்படைக்கணும் ஐயா."

"ஒப்படைச்சா இன்னா பண்ணுவீங்க?"

அவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தார். அதில் மாம்பழம், கறிவேப்பிலைக் கட்டு, யாரோ ஆசையாகக் கொண்டுவந்த மல்லிகைச் செடி ஒன்று வேரோடு.  குப்பையில் போடுவார்கள் என்றால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்திருக்க மாட்டேன்.

"எல்லாத்தயும் எரிச்சிடுவாங்க ஐயா."

நெருப்பு என்றதும் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் அம்மன் நெருப்பில் நின்றவள். அவளுக்காக நாங்கள் தீ மிதிக்கிறவர்கள். குப்பைதான் அவளுக்கு ஆகாது, நெருப்பு ஆகும். "அப்போ சரிங்க. ஆனா தரையில மட்டும் வச்சிடாதீங்க" என்றேன்.

அப்போது என் மனைவி கேட்டாள். எனக்குத் தோன்றவேயில்லை, அவளுக்குத்தான் தோன்றியது. "அண்ணே, குடுக்கறதுக்கு முன்னால நெத்தியில ஒரு பொட்டு வச்சிக்கலாமா?"

அவர் அந்த அம்மாவிடம் மலாயில் சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார், நாங்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ. அந்த அம்மா முடிச்சைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். முகத்தைத் திருப்பி, வந்துகொண்டிருந்த வேறு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வச்சிக்குங்க ஐயா" என்றார் தமிழர்.

முடிச்சை அவிழ்த்தேன். மண் காய்ந்திருந்தது, ஒட்டவில்லை. என் மனைவி தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, தன் நெற்றியில் வைக்காமல் என் நெற்றியில் வைத்தாள். "இது அண்ணன் தம்பிக்குத்தான் சேரணும்" என்றாள். விரலில் இருந்ததைத் துணியிலேயே உதறி, மறுபடி முடிந்தேன். தமிழர் ஒரு காகிதத் துண்டு கொடுத்து, கையைத் துடைத்துவிடச் சொன்னார். இருவரும் துடைத்தோம். நெற்றியைத் துடைக்கச் சொல்லவில்லை.

முடிச்சை அந்த அம்மாதான் வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தேன். தொட்டியில் போடவில்லை. மேஜை மேல், ஒரு தட்டில், தனியாக இருந்தது.

அண்ணன் மகன் ஓடி வந்து காலைத் தொட்டான். "சித்தப்பா, நெத்தியில என்னா மண்ணு?" என்று துடைக்கக் கையைக் கொண்டுவந்தான். என் மனைவி அவன் கையில் ஓர் அடி வைத்தாள்.

காரில் ஏசி போட்டதும் மண் காய்ந்து உதிரத் தொடங்கியது. அவள் புடவைத் தலைப்பை என் தாடைக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டாள், முடி வெட்டும்போது பிடிப்பது போல. "ஏசிய நிறுத்துப்பா" என்றாள். நிறுத்தினால் வேர்த்தது. வேர்வையில் கரைந்து வழிந்தது. "போடுப்பா" என்றாள். அந்தப் பையன் வீடு போய்ச் சேரும்வரை போட்டுப் போட்டு நிறுத்தினான். "சித்தி, டூர் வந்தவங்க ஜன்னல்ல ஊரப் பாப்பாங்க. நீங்க சித்தப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு வர்றீங்க" என்றான்.

 அண்ணன் பாதியாக இருந்தார். சுவர் மூலையில் ஒரு பலகை, புதுப் பட்டுத் துணி, விளக்கு. எல்லாம் தயாராக இருந்தது.

"கொண்டாந்தியா?"

என் கை காலியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கோட்டருகே நின்றதை, சீட்டை, எரித்துவிடுவார்கள் என்றதை. சொல்லிக்கொண்டே அழுதேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பொய் சொல்லி ஏதாவது மண்ணைக் கொடுத்திருக்கலாமே என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். அப்படிச் செய்ய என்னால் முடியாது, செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"கிட்ட வா" என்றார்.

குனிந்தேன். விளங்குகிற கையைத் தூக்கி என் நெற்றியைத் தடவினார். மிச்சம் இருந்தது ஒரு கறைதான். விரலைத் திருப்பிப் பார்த்தார், தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு தன்னை அந்த மூலைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். நானும் அவர் மகனும் பிடித்துக்கொண்டோம். அந்த விரலைப் பலகை மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். எதுவும் தெரியவில்லை. வெறும் பலகைதான்.

"வந்துட்டாடா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு விசா கெடைக்க எவ்ளோ நாளு அலைஞ்சேன் தெரியுமா? இவ பாரு, வந்தன்னிக்கே உள்ள வந்துட்டா" என்று கோணிய வாயால் சிரித்தார்.

அடுத்த தை வரை இருந்தார். தினமும் அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் படுத்திருந்தார் என்று அண்ணி போனில் சொன்னார். அந்த விளக்கு இன்றைக்கும் எரிகிறது.

நடந்தது இவ்வளவுதான். மல்லிகை வாசம் வரவில்லை. தொட்டியில் கிடந்த அந்தச் செடியில் பூவே இல்லை. யாருக்கும் அருள் வரவில்லை. மஞ்சள் துணி எரியாமல் மிஞ்சியதாக ஒரு பேச்சு இருக்கிறது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை, பார்த்தவரும் எவரும் இல்லை. சட்டப்படி மண்ணை நிறுத்தினார்கள். மனுஷத்தனத்தோடு இரண்டு கையால் வாங்கினார்கள். வேறு மதத்து அம்மா ஒருத்தர் எங்கள் தெய்வத்தைத் தரையில் வைக்கவில்லை. இதற்கு மேல் என்ன அற்புதம் வேண்டும்?

ஆகையால் இதைப் படிக்கிற உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், சொல்லாமல் இருக்க வேண்டாம். ஆனால் நான் கொடுத்தபடியே கொடுங்கள். அவள் பெருமைக்கு என்று ஒரு பூவைக்கூடக் கூடுதலாகச் செருகாதீர்கள். என் பயத்தையும் அந்த கேட்பாஸையும் மறைக்காதீர்கள். வழியில் கீழே வைக்காமல் அடுத்தவர் கையில் சேர்த்துவிடுங்கள், அது போதும்.